‘காம்ப்ளிகேஷன்’ என்றொரு சால்ஜாப்பு

ஒரு குழந்தையின் நெஞ்சில் நீண்ட காலக் குழாய் பொருத்துவதற்கு முன்னால் பெற்றோரிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்றாலும் அதில் இருக்கும் வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான்: தொற்று, இரத்தக்கசிவு, இரத்த உறைவு முதலான சிக்கல்கள் ஏற்படலாம் என்பது எனக்கு விளக்கிச் சொல்லப்பட்டது. கையெழுத்துப் போடுகிறவர் அந்த நேரத்தில் எதையும் படிக்கிற நிலையில் இருக்க மாட்டார். படித்தாலும் பயன் இல்லை. போடாவிட்டால் சிகிச்சை நகராது.

என் சண்டை அந்த ‘ஏற்படலாம்’ என்ற சொல்லோடு. ‘ஏற்படும்’ என்பதற்கும் ‘ஏற்படுத்தும்’ என்பதற்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு ‘த்து’. அந்த ‘த்து’ உள்ளே வந்தால் ‘யார்?’ என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். அதனால்தான் அது வருவதில்லை. மழை ஏற்படலாம், மின்தடை ஏற்படலாம், உங்கள் பிள்ளையின் இரத்தத்தில் கிருமி ஏற்படலாம். வார்டில் இதற்கு இன்னும் சுருக்கமாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: ‘காம்ப்ளிகேஷன் ஆயிடுச்சு.’ ஆயிடுச்சு. தானாக.

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். நீண்ட காலக் குழாய் வைத்திருக்கும் குழந்தைகளுக்கு வருகிற இரத்தத் தொற்றில் பெரும்பகுதி பராமரிப்பின் தோல்வி. எண்ண முடிந்த தோல்வி; எண்ணத் தொடங்கியதும் பல இடங்களில் குறைந்த தோல்வி. எண்ணாத மருத்துவமனைக்கு அதைக் ‘காம்ப்ளிகேஷன்’ என்று அழைக்கும் உரிமை கிடையாது.

நான் மருத்துவன் இல்லை. பொறியியல் படித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் எழுப்பப்படுகிற வேலை. எனக்கு மருத்துவத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று கேட்பவர்கள் கேட்கலாம். நான் பேசப்போவது மருத்துவத்தைப் பற்றிக் கொஞ்சம்தான். மீதியெல்லாம் பராமரிப்பைப் பற்றி. அதில் எனக்கும் பத்துப் பன்னிரண்டு வருட அனுபவம் உண்டு.

*

முதலில் குழாய்க்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். அது இல்லாமல் பிழைத்திருக்க முடியாத குழந்தைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், சிறுகுடலில் பெரும்பகுதி இல்லாமலே பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு, ஸ்டான்லி டட்ரிக், டக்ளஸ் வில்மோர் என்ற இரு அறுவை மருத்துவர்கள் இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரை வழியாகவே முழு உணவையும் செலுத்தினார்கள். குழந்தை எடை போட்டது, வளர்ந்தது. 1968ல் அது கட்டுரையாக வெளியானபோது, வாய் வழியாக ஒன்றுமே சாப்பிடாமல் ஒரு மனித உயிர் வளர முடியும் என்பதை உலகம் நம்பத் தொடங்கியது. 1973ல் சியாட்டிலில் ஜான் புரோவியாக், வீட்டுக்கே கொண்டுபோகக்கூடிய சிலிக்கோன் குழாயை அறிமுகப்படுத்தினார். 1979ல் அதே ஊரைச் சேர்ந்த ராபர்ட் ஹிக்மேன் அதை இன்னும் அகலமாக்கினார். ஹிக்மேன் ஒரு குழந்தைகள் சிறுநீரக மருத்துவர். இன்றும் புற்றுநோய் வார்டுகளில் ‘ஹிக்மேன் போட்டிருக்கு’ என்று சொல்கிறார்களே, அது இவருடைய பெயர். பிறகு தோலுக்கு அடியில் முழுக்க மறைந்துவிடும் போர்ட் வந்தது. கையிலிருந்து இதயம்வரை செலுத்தும் பிக் லைன் வந்தது.

லுக்கேமியா வந்த குழந்தைக்குச் சிகிச்சை இரண்டு வருடத்துக்கு மேல் ஓடும். ஒவ்வொரு முறையும் கையில் நரம்பு தேடிக் குத்துவதென்றால், சில வாரங்களிலேயே ‘நரம்பு கிடைக்கலை’ என்ற நிலை வந்துவிடும். போதாக்குறைக்கு, சில கீமோ மருந்துகள் சின்னச் சிரையிலிருந்து வெளியே கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடும். குழாய் அந்தக் கொடுமையிலிருந்து குழந்தையைக் காப்பாற்றுகிறது. ஆகவே குழாயே வேண்டாம் என்று யாராவது சொன்னால் அவர்களோடும் நான் சண்டைக்குத்தான் போவேன்.

ஆனால் இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனியுங்கள். குழாயைக் கண்டுபிடித்தவரின் பெயர் குழாய்க்கு இருக்கிறது. குழாயைப் போடுபவரின் பெயர் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறது. அடுத்த எண்ணூறு நாட்கள் அதைக் கழுவி, மூடி, காப்பாற்றுகிறவர்களின் பெயர் எங்கேயும் இல்லை.

*

என்னவெல்லாம் தவறாகப் போகும்?

முதலாவது, குழாய் ஒரு பொருள். பொருளுக்கு வரும் எல்லாக் கேடும் அதற்கும் வரும். உடையும், மடங்கும், நழுவும். தூங்கும்போது குழந்தை பிடித்து இழுக்கும். காரை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவில் மாட்டி நசுங்கி, நாளடைவில் துண்டாகக்கூடப் போகும். இன்னொரு விஷயம் பெரியவர்களுக்கு இல்லாதது. குழந்தை வளரும், குழாய் வளராது. மூன்று வயதில் மேற்பெருஞ்சிரையும் இதயத்தின் வலது மேலறையும் சேரும் இடத்தில் சரியாக வைத்த நுனி, குழந்தை உயரமாக வளர வளர மேலே ஏறிப் போயிருக்கும்.

இரண்டாவது, இரத்த உறைவு. சிரைக்குள் ஓர் அந்நியப் பொருள் கிடந்தால் அதைச் சுற்றி இரத்தம் உறையப் பார்க்கும். அது உடலின் இயல்பு. குழந்தையின் சிரை சிறியது. அதில் குழாய் அடைத்துக்கொள்ளும் பங்கு பெரியது. பச்சிளம் குழந்தைகளுக்கு வரும் சிரை உறைவுகளில் மிகப் பெரும்பாலானவை இப்படிப்பட்ட குழாய்களால் வருபவை. உறைந்து மூடிப்போன சிரையில் மறுபடி குழாய் போட முடியாது. கழுத்தில் இரண்டு பக்கம், காரை எலும்புக்கு அடியில் இரண்டு பக்கம், தொடையில் இரண்டு பக்கம் என்று ஒரு குழந்தைக்கு இருக்கும் வழிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். குடல் வேலை செய்யாமல், சிரை வழி உணவை மட்டுமே நம்பி வாழும் குழந்தைக்கு ஒவ்வொரு சிரையும் வாழ்நாளில் ஒரு பங்கு. அவை ஒவ்வொன்றாகத் தீர்ந்துபோவது குடல் மாற்று அறுவைக்கு அனுப்ப ஒரு காரணமாகவே கணக்கில் எடுக்கப்படுகிறது.

மூன்றாவது, தொற்று. இது மற்ற இரண்டையும் இழுத்துக்கொண்டு வரும். உறைந்த இரத்தத்தில் கிருமி குடியேறும். கிருமி குடியேறிய இடத்தில் இன்னும் உறையும். குழாயின் உட்சுவரில் கிருமிகள் கூட்டமாக ஒட்டி, தங்களைச் சுற்றி ஒரு பசைப் படலத்தைக் கட்டிக்கொள்ளும். படகின் அடியில் பிடிக்கும் பாசி மாதிரி. அந்தப் படலத்துக்குள் ஆன்டிபயாடிக் சரியாக நுழையாது. இரத்தத்திலிருக்கும் கிருமி செத்து, காய்ச்சல் இறங்கி, வீட்டுக்குப் போய், பத்து நாளில் திரும்ப வருவது இதனால்தான். கடைசியில் குழாயையே எடுக்க வேண்டி வரும். எடுத்தால் ஒரு சிரை போச்சு.

*

கிருமி உள்ளே போக முக்கியமாக இரண்டு பாதைகள். குழாய் தோலைத் துளைக்கும் இடத்தில், வெளிச்சுவரை ஒட்டியே ஊர்ந்து போகலாம். அல்லது மருந்து ஏற்றும் வாய் வழியாக உட்சுவரில் போகலாம். சில நாட்களுக்கு மட்டும் போடும் குழாய்களில் முதல் பாதைதான் அதிகம். அதனால் அங்கே குழாய் போடும்போது எவ்வளவு சுத்தமாகப் போட்டார்கள் என்பது பெரிய விஷயம். மாதக்கணக்கில் இருக்கும் குழாய்களில் கதை மாறுகிறது. ஹிக்மேன் குழாயில் தோலுக்கு அடியில் ஒரு சின்னத் துணிப் பட்டை இருக்கும். சில வாரங்களில் சதை அதோடு ஒட்டி வளர்ந்து வெளிப்பாதையை அடைத்துவிடும். அதன்பிறகு கிருமிக்கு மிஞ்சும் பெரிய வாசல், நாமே தினமும் திறக்கிற வாய்தான்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. சிரை வழி உணவு, ஆன்டிபயாடிக், பரிசோதனைக்கு இரத்தம், ஃப்ளஷ் என்று ஒரு நாளைக்கு ஆறு முறை அந்த வாய் திறக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்தில் 1080 முறை. ஒவ்வொரு முறையும் கை கழுவ வேண்டும், வாயைக் கிருமிநாசினியால் பதினைந்து வினாடி அழுத்தித் தேய்க்க வேண்டும், அது காயும்வரை காத்திருக்க வேண்டும், பிறகுதான் சிரிஞ்சை மாட்டலாம். இதை 100க்கு 99 முறை சரியாகச் செய்கிற நர்ஸ் ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். தேர்வில் 99 வாங்கினால் நாம் தெருவுக்கே மிட்டாய் கொடுப்போம். ஆனால் 1080 முறையும் பிசகில்லாமல் முடிவதற்கான வாய்ப்பு, லட்சத்தில் இரண்டு. 1000க்கு 999 முறை சரியாகச் செய்பவராக இருந்தாலும் மூன்றில் ஒன்று.

எல்லாப் பிசகும் தொற்றாக மாறுவதில்லை, உண்மைதான். நான் சொல்ல வருவது வேறு. இந்த அளவு துல்லியத்தை ‘கவனமா செய்ங்கம்மா’ என்று தனிமனிதரிடம் சொல்லி வாங்கிவிட முடியாது. எங்கள் தொழிலில் இது பால பாடம். ஒருவர் ஞாபக மறதியில் ஒரு கட்டளையைத் தவறாக அடித்து சர்வரை விழவைத்தால், அவரைத் திட்டுவதில் பயனில்லை. ஒரு தவறான கட்டளையில் விழுந்துவிடுகிற மாதிரி அதை ஏன் வைத்திருந்தோம் என்றுதான் கேட்போம். கேட்காத கம்பெனியில் அடுத்த மாதமும் விழும்.

*

அந்தக் கேள்வியை மருத்துவமனைகளில் கேட்டிருக்கிறார்கள். பதிலும் வந்திருக்கிறது.

2001 ஜனவரியில், அமெரிக்காவின் பால்டிமோரில், ஜோசி கிங் என்ற பதினெட்டு மாதக் குழந்தை குளியலறை வெந்நீரில் வெந்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வந்தாள். தீக்காயம் ஆறிக்கொண்டு வந்தது. பிறகு குழாய்த் தொற்று. அதன்பின் யாரும் கவனிக்காத நீரிழப்பு, கொடுக்கக்கூடாத நேரத்தில் கொடுத்த வலிமருந்து. பிப்ரவரியில் இறந்துபோனாள். உலகத்தின் தலைசிறந்த மருத்துவமனைகளில் ஒன்று அது. அவளுடைய அம்மா, தாகத்தில் குழந்தை தவிப்பதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

அதே மருத்துவமனையில் பீட்டர் புரொனொவோஸ்ட் என்ற தீவிர சிகிச்சை மருத்துவர் குழாய்த் தொற்றுக்கு எதிராக ஒரு சிறிய பட்டியலை வைத்துக்கொண்டு வேலை செய்துவந்தார். கை கழுவு. தோலை குளோர்ஹெக்ஸிடினால் துடை. போடும்போது முழு உடலையும் மூடு. முடிந்தவரை தொடைச் சிரையைத் தவிர். தேவையில்லாத குழாயை எடு. அவ்வளவுதான். மருத்துவக் கல்லூரியில் சொல்லித்தராத எதுவும் அதில் இல்லை. ஆனால் பட்டியலோடு இன்னொன்றும் சேர்ந்து வந்தது: ஒரு படியை மருத்துவர் தாண்டினால், ‘நிறுத்துங்க டாக்டர்’ என்று சொல்லும் அதிகாரம் நர்ஸுக்கு.

மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியூக்களில் இதைச் செய்து பார்த்தார்கள். 2006ல் முடிவுகள் வெளியாயின. தொடங்கும்போது 1000 குழாய்-நாட்களுக்கு சராசரியாக 7.7 தொற்று. ஒன்றரை ஆண்டு கழித்து 1.4. குழாய்-நாள் என்பது எளிய கணக்கு. பத்துப் பேருக்கு முப்பது நாள் குழாய் இருந்தால் 300 குழாய-நாட்கள். புது மருந்து இல்லை, புதுக் கருவி இல்லை. எண்ணினார்கள், அதிகாரத்தைக் கொஞ்சம் கீழே இறக்கினார்கள்.

அவை பெரும்பாலும் பெரியவர்களுக்கான ஐசியூக்கள். குழந்தைகள் விஷயத்தில் அடுத்த பாடம் 2010ல் வந்தது. அமெரிக்காவின் 29 குழந்தைகள் ஐசியூக்கள் சேர்ந்து, போடும்போது செய்யவேண்டியவை, தினசரிப் பராமரிப்பில் செய்யவேண்டியவை என்று இரண்டு பட்டியல்களையும் கடைப்பிடித்தன. தொற்று 5.4லிருந்து 3.1 ஆக, அதாவது 43 சதவீதம் குறைந்தது. எது குறைத்தது என்று பிரித்துப் பார்த்தபோது தினசரிப் பராமரிப்புதான் முன்னால் நின்றது. போடுகிற அரை மணி நேரத்தில் காட்டும் கவனம் குழந்தைகளுக்குப் போதாது. அதன்பிறகு வருகிற நாட்கள்தான் முடிவு செய்கின்றன.

*

அந்த நாட்கள் யார் கையில் இருக்கின்றன?

நர்ஸ் கையில். 1996ல் அமெரிக்க சி.டி.சி.யைச் சேர்ந்த ஸ்காட் ஃபிரிட்கினும் மற்றவர்களும் ஓர் அறுவை ஐசியூவில் திடீரென்று குழாய்த் தொற்று கூடியது ஏன் என்று ஆராய்ந்தார்கள். ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள் என்ற எண்ணிக்கை கூடியபோது தொற்றும் கூடியிருந்தது. ஆச்சரியம் ஒன்றுமில்லை. எட்டுப் பேரைப் பார்க்கிறவருக்குப் பதினைந்து வினாடி தேய்க்க நேரம் எங்கே இருக்கிறது? காயும்வரை காத்திருக்க யார் விடுவார்கள்? பக்கத்துப் படுக்கையில் பம்ப் கத்திக்கொண்டிருக்கும்.

நம் ஊருக்கு வருவோம். 2017 நவம்பரில் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் ஒப்பந்தச் செவிலியர்கள் சென்னையில் உட்கார்ந்து போராடினார்கள். அப்போது அவர்கள் வாங்கிய தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். போர்டின் விலையைப் பேரம் பேசி வாங்குகிறோம், அறுவை அரங்குக்கு விளக்கு வாங்குகிறோம், திறப்பு விழா நடத்துகிறோம். அந்தப் போர்டை வாரக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கப் போகிறவரின் சம்பளம் மட்டும் செலவுக் கணக்கில் கடைசி வரி. பிறகு தொகை கொஞ்சம் கூடியிருக்கலாம். ஆனால் இந்தப் பார்வை மாறவில்லை. காப்பீட்டுத் திட்டங்களும் பெரும்பாலும் பேக்கேஜ் கணக்கில்தான் பணம் தருகின்றன. அறுவைக்கு ஒரு தொகை என்று தெளிவாக இருக்கும். நாள்தோறும் ஆகும் கையுறை, கிருமிநாசினி, டிரெஸ்ஸிங் எல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிட வேண்டும். மிச்சம் பிடிக்க நினைப்பவர் எங்கே கை வைப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

தொற்று வந்தபிறகு பழி எங்கே போகிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். அலுவலக நண்பர் ஒருவரின் ஆறு வயதுப் பையனுக்கு லுக்கேமியா. போர்ட் வைத்திருந்தார்கள். ஒருநாள் பகல்நேர சிகிச்சைப் பிரிவில் போர்டை ஃப்ளஷ் செய்து முடித்த அரை மணியில் உடம்பு தூக்கிப்போடும் நடுக்கம், பிறகு காய்ச்சல். இரத்தத்தில் கிருமி. அட்மிஷன் போட வந்தவர் அவன் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, ‘வீட்ல சுத்தமா வெச்சுக்கிட்டீங்களாம்மா?’

போர்ட் தோலுக்கு அடியில் இருக்கிறது. வீட்டில் அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனை எதுவும் இல்லை. ஊசி ஏறுவது மருத்துவமனையில், அவர்கள் கையால். அந்த அம்மா அதைத் திறக்க நினைத்தாலும் திறந்திருக்க முடியாது. ஆனால் கேள்வி அவரிடம்தான் வந்தது. அவரும் பதில் சொல்லாமல் அழுதார். அன்றிலிருந்து வீட்டுத் தரையை ஒரு நாளைக்கு மூன்று முறை டெட்டால் போட்டுத் துடைக்கத் தொடங்கினார். நண்பர் வார்டில் ஒருவரிடம், ‘இந்த வருஷம் இதே மாதிரி எத்தனை பேருக்கு வந்திருக்கு?’ என்று கேட்டார். ‘அப்படியெல்லாம் கணக்கு எடுக்கறதில்ல சார்’ என்று பதில் வந்தது. போர்டை எடுத்தார்கள். கீமோ சில வாரம் தள்ளிப்போனது. மறுபக்கம் புதிதாக ஒன்று வைத்தார்கள். மறுபடியும் அதே படிவம், அதே கையெழுத்து.

*

எதிர்வாதங்கள் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘அமெரிக்காவோடு ஒப்பிடாதீங்க. நம்ம கூட்டம் வேற, வெயில் வேற.’ வேறுதான். வைகாசி வெயிலில் டிரெஸ்ஸிங் மூன்றாம் நாளே வியர்வையில் கழன்று நிற்கும். ஒட்டிக்கொண்டிருந்தால் ஏழு நாள், நனைந்தாலோ கழன்றாலோ உடனே மாற்று என்பது விதி. நம் ஊரில் அப்படியானால் டிரெஸ்ஸிங் அதிகம் வாங்க வேண்டும் என்று அர்த்தம். தொற்றை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அர்த்தமில்லை. இந்தியா உட்பட ஐந்து வளரும் நாடுகளின் குழந்தைகள் ஐசியூக்களில் இதே எளிய வழிகளைச் செய்து பார்த்த ஆய்வு 2012ல் வெளியானது. தொற்று ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. எண்ணுவதும் நம்மால் முடியாத காரியம் இல்லை. இந்தியாவில் 54 மருத்துவமனைகளின் 200 ஐசியூக்கள் ஒன்றுசேர்ந்து எண்ணி, 2025ல் வெளியிட்டார்கள்: 1000 குழாய்-நாட்களுக்கு 8.83. இது எல்லா வயதினருக்குமான ஐசியூ கணக்கு. மிச்சிகன் பட்டியலைக் கையிலெடுப்பதற்கு முன் இருந்த 7.7க்குப் பக்கத்தில்தான் நாம் நிற்கிறோம். அந்த 54 மருத்துவமனைகளை நான் கும்பிடுகிறேன், எண்ணியதற்காக. எண்ணாதவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

‘எல்லாத் தொற்றும் குழாயால் வருவதில்லை.’ இதுவும் சரி. கீமோ கொடுத்து வெள்ளணுக்கள் விழுந்து, வாயும் குடலும் புண்ணாகிக் கிடக்கும் குழந்தைக்கு, குடலில் இருக்கும் கிருமியே சுவரைத் தாண்டி இரத்தத்துக்குள் போய்விடும். எவ்வளவு தேய்த்தாலும் அதைத் தடுக்க முடியாது. இதனால்தான் சி.டி.சி. 2013லிருந்து அவற்றைத் தனி வகையாகப் பிரித்து எண்ணுகிறது. ஆனால் பாருங்கள், தவிர்க்க முடியாதது எது என்று பிரித்துச் சொல்வதற்கும் முதலில் எண்ணத்தான் வேண்டியிருக்கிறது.

‘எண்ணிக்கையை வெளியிட்டால் மருத்துவமனைகள் மறைக்கும்.’ இதுதான் உண்மையிலேயே கனமான வாதம். பிளட் கல்ச்சரே எடுக்காத மருத்துவமனையில் தொற்று பூஜ்ஜியம். தண்டனையோடு சேர்த்த எண்ணை மனிதர்கள் வளைப்பார்கள். எங்கள் துறையில் அதற்கு ஆயிரம் உதாரணம் சொல்வேன். அமெரிக்காவில் 2008 அக்டோபர் முதல், மருத்துவமனையில் வந்த குழாய்த் தொற்றுக்கு மெடிகேர் கூடுதல் பணம் தராது என்று விதி செய்தார்கள். நான்கு வருடம் கழித்து வெளியான பெரிய ஆய்வில், அந்த விதியால் தொற்று குறைந்ததற்கு எந்தத் தடயமும் இல்லை. அதனால் நான் அபராதம் கேட்கவில்லை. கேட்பது எண்ணிக்கையை மட்டும்தான். கூடவே எத்தனை கல்ச்சர் எடுத்தார்கள் என்ற எண்ணிக்கையையும் சேர்த்து. இரண்டையும் ஒரே பலகையில் எழுதினால் ஏமாற்றுவது கடினம்.

கடைசியாக, ‘புதுத் தொழில்நுட்பம் வரும், தீர்த்துவிடும்’ என்கிற நம்பிக்கை. என் தொழில்காரர்களிடம் இது அதிகம். அதற்கும் ஒரு கதை இருக்கிறது. சிலிக்கோன் குழாயைப் பயன்படுத்தாத நேரத்தில் அதற்குள் எத்தனால் நிரப்பி மூடிவைத்தால் கிருமிப் படலம் அழியும் என்று கண்டு, குடல் செயலிழந்த குழந்தைகளுக்கு அமெரிக்காவில் பல இடங்களில் பயன்படுத்திவந்தார்கள். வெறும் சுத்தமான சாராயம். 2018ல் ஒரு நிறுவனம் அதே எத்தனாலை ஓர் இதயத் தசை நோய்ச் சிகிச்சைக்கான மருந்தாக எஃப்.டி.ஏ.விடம் பதிந்து, ஏழாண்டுத் தனியுரிமை பெற்றது. விலை பல மடங்கு ஏறியது. குழந்தைகளுக்குப் பூட்டுத் திரவமாகக் கொடுத்துவந்த இடங்கள் நிறுத்த வேண்டி வந்தது; நிறுத்திய குழந்தைகளிடம் தொற்று மறுபடி கூடியதை மருத்துவர்கள் எழுதினார்கள். தொழில்நுட்பம் இருந்தது. ஆனால் பராமரிப்பு என்பது யாருடைய லாபக் கணக்கிலும் இல்லாததால் அதைக் காக்க ஆளில்லை.

*

சரி, என்னதான் வேண்டும் என்கிறாய்?

குழந்தைகளுக்கு நீண்ட காலக் குழாய் போடும் ஒவ்வொரு மருத்துவமனையும் மாதாமாதம் குழாய்-நாட்களையும், தொற்றுகளையும், எடுத்த கல்ச்சர்களையும் வார்டு வாசலில் எழுதி வைக்கட்டும். ஒரு கரும்பலகையும் சாக்பீஸும் போதும். மென்பொருள்கூட வேண்டாம், மென்பொருள்காரனே சொல்கிறேன்.

தினமும் காலை ரவுண்ட்ஸில் ஒவ்வொரு படுக்கையிலும் ஒரு கேள்வி கேட்கப்படட்டும்: ‘இந்தக் குழாய் இன்னிக்கும் தேவையா?’ தேவையில்லை என்றால் அன்றே எடுக்கட்டும். மறந்துபோய் இருக்கும் குழாய் மருத்துவமனைகளில் சகஜம்.

குழாய் வைத்த குழந்தைகளைப் பார்க்கும் நர்ஸுக்கு ஒரு ஷிஃப்டில் எத்தனை பேர் என்று வரம்பு வேண்டும். ‘நிறுத்துங்க டாக்டர்’ என்று அவர் சொன்னால், அடுத்த மாதம் வேறு வார்டுக்குத் தூக்கியடிக்கப்பட மாட்டார் என்ற உறுதியும் வேண்டும். நிரந்தர வேலை இல்லாதவரிடம் அந்தத் தைரியத்தை எதிர்பார்ப்பது அநியாயம்.

வெளியே குழாய் நீட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும் குழந்தையின் பெற்றோருக்கு, டிஸ்சார்ஜ் அன்று மதியம் அவசர அவசரமாகச் சொல்லிக்கொடுப்பது பயிற்சி ஆகாது. அவர்கள் கையால் மூன்று நான்கு முறை செய்து காட்டிய பிறகே அனுப்ப வேண்டும். பத்து மில்லி சிரிஞ்சுக்குக் குறைவாக எதையும் ஏன் மாட்டக்கூடாது என்பதைக்கூடச் சொல்ல வேண்டும்: சின்ன சிரிஞ்ச் அதிக அழுத்தம் கொடுத்துக் குழாயையே உடைத்துவிடும். டிரெஸ்ஸிங்கும் கிருமிநாசினியும் சேர்ந்த பை ஒன்று காப்பீட்டிலேயே வர வேண்டும். இத்தனையும் செய்துவிட்டு, பிறகு வேண்டுமானால் ‘சுத்தமா வெச்சுக்கிட்டீங்களா’ என்று கேளுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒன்று. குழாயோ போர்டோ இருக்கிற குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. பாரசிட்டமால் கொடுத்து விடியும்வரை பார்க்காதீர்கள். ஃப்ளஷ் செய்த கொஞ்ச நேரத்தில் நடுக்கம் வந்தால், குழாய்க்குள்ளேயே கிருமி இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நேராக மருத்துவமனைக்குப் போங்கள். டோக்கன் வரிசையில் நிற்காதீர்கள். குழாய் இருக்கிறது என்று வாசலிலேயே சத்தமாகச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் கல்ச்சர் எடுத்து ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும் என்று கேளுங்கள். திட்டுவார்கள். பரவாயில்லை.

குழந்தை தேறியபிறகு இன்னொன்றையும் கேளுங்கள்: ‘போன மாசம் இந்த வார்டுல எத்தனை?’ பதில் சொல்லத் தெரிந்த வார்டு, பதில் பெரிய எண்ணாக இருந்தாலும், நம்பத் தகுந்தது. தெரியாது என்று சொன்னால் அடுத்த மாதமும் போய்க் கேளுங்கள். பக்கத்துப் படுக்கைக்காரரையும் கேட்கச் சொல்லுங்கள். பத்து அம்மாக்கள் ஒரே கேள்வியைக் கேட்க ஆரம்பித்தால், யாராவது ஒருவர் நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துத் தேதி போட்டு எழுதத் தொடங்கித்தான் ஆக வேண்டும்.